போர்ல விமானம் விழுந்து இறந்துபோன ஒருத்தரப் பத்தி எப்படி தேடுறது

ரெண்டாம் உலகப்போர் காலத்து விமானப்படை ஆளு ஒருத்தரோட பேரு உங்ககிட்ட இருக்கு. பழைய போட்டோ பின்னாடி எழுதியிருந்துச்சோ, ஏதோ நினைவுக்கல்லுல பாத்தீங்களோ, எப்படியோ கெடச்சுது. "ப்ளேன் க்ராஷ்ல போயிட்டாரு"ங்கிறத தவிர வேற ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல தோண்டணும்னா எந்த வரிசைல போறதுன்னு சொல்றேன். பிரிட்டன், அதோட சேந்து சண்ட போட்ட நாடுகள், அமெரிக்கா, இந்த ஆளுங்களப் பத்திதான் அதிகமா சொல்லப்போறேன், ஏன்னா அங்கதான் பேப்பர் ஒழுங்கா இருக்கு, வீட்லேர்ந்தே பாதி வேலைய முடிச்சிரலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஆளத் தேடாதீங்க, விமானத்தத் தேடுங்க. ஆளு பேர்ல இருக்குற ஃபைல் ஒண்ணே ஒண்ணு, அது இன்னும் வெளிய விடாம இருக்கலாம், எரிஞ்சு போயிருக்கலாம், தொறந்து பாத்தா எங்க ட்ரெயினிங் எப்ப ப்ரமோஷன்னு ரெண்டு பக்கத்தோட முடிஞ்சும் போகலாம். ஆனா ஒரு ராணுவ விமானம் போச்சுன்னா அதுக்கு எக்கச்சக்கமா பேப்பர் உண்டு, ஸ்குவாட்ரன் (விமானப்படைல ஒரு பிரிவு) டைரி, விமானத்தோட கார்டு, விபத்து கார்டு, எதிரி பக்கம் எழுதுன ரிப்போர்ட், அதுக்கு மேல கூட இருந்தவங்க ஒவ்வொருத்தர் ஃபைலும். லங்காஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் பாம்பர்ல, அதாவது குண்டு வீசுற விமானத்துல, வழக்கமா ஏழு பேரு, அமெரிக்க பி-17ல பத்து பேரு. உங்க ஆளு ஃபைல்ல இல்லாதது அவரோட நேவிகேட்டர் (வழி பாத்து சொல்றவர்) ஃபைல்ல முழுசா இருக்குறது சகஜம்.

தேதிய புடிங்க

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இதுல எந்த விமானப்படையா இருந்தாலும் மொதல்ல காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்டுக்குப் போங்க. போர்ல இறந்தவங்க கல்லறைய பாத்துக்குற அமைப்பு, 1917ல ஆரம்பிச்சது, ரெண்டு உலகப்போர்லயும் இறந்த சுமார் 17 லட்சம் பேரோட விவரம் வெச்சிருக்காங்க, தேடுறதுக்கு காசு கெடையாது. ரெண்டாம் போருக்கு அவங்க கணக்கு 1939 செப்டம்பர் 3லேர்ந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் ஓடுது, அதனால சண்டை முடிஞ்சு 1946ல ட்ரான்ஸ்போர்ட் விமானம் விழுந்து போனவரும் இதுலயே வருவாரு.

ஆளு கெடச்சதும் சர்வீஸ் நம்பர், ரேங்க், ஸ்குவாட்ரன், தேதி, கல்லறை நம்பர் அஞ்சையும் எழுதி வெச்சுக்கங்க. ஒரே பேர்ல பத்து பேரு இருந்தா சர்வீஸ் நம்பர்தான் பிரிச்சுக் காட்டும். ஆனா அதுலயும் ஒரு சிக்கல், சார்ஜெண்டா இருந்தவரு ஆஃபீசர் ஆனா நம்பரே மாறிடும், ரெண்டு நம்பர பாத்துட்டு ரெண்டு ஆளுன்னு முடிவு கட்டாதீங்க. ஆஃபீசர் பதவி குடுத்த விவரம் பிரிட்டன் அரசிதழான லண்டன் கெஜட்ல வரும், பல சமயம் ஆளு போன பிறகுதான் அது வெளியாகியிருக்கும், அதனாலதான் ஸ்குவாட்ரன் டைரில சார்ஜெண்ட்டுன்னும் கல்லறைல பைலட் ஆஃபீசர்ங்கிற ஆஃபீசர் ரேங்கும் இருக்கும்.

இப்ப பேர எடுத்துட்டு அதே தேதி, அதே கல்லறைத்தோட்டம், ஏர்ஃபோர்ஸ், இத மட்டும் போட்டு மறுபடி தேடுங்க. அதே ஸ்குவாட்ரன்ல இன்னும் அஞ்சாறு பேரு வந்தா உங்க ஆளோட க்ரூ, அதாவது கூடப் பறந்தவங்க, கெடச்சிட்டாங்கன்னு அர்த்தம். என்னைக் கேட்டா இந்த ஒரு தேடல்தான் மொத்த வேலைலயும் முக்கியமானது, இத விட்டுட்டு நேரா ஆர்கைவ்ஸுக்கு (ஆவணக் காப்பகத்துக்கு) ஓடுறவங்கதான் நெறைய.

நைட் ரெய்டுன்னா தேதில கவனம் வேணும். சாயங்காலம் கெளம்பி விடிகாலைல திரும்புற ஆபரேஷன் ரெண்டு தேதில விழும், நூரம்பர்க் ரெய்டு மாதிரி, 1944 மார்ச் 30/31 ராத்திரி, அந்த ஒரே ராத்திரில பிரிட்டன் பக்கம் 95 பாம்பர் திரும்பல. அதுல போனவங்க சில பேருக்கு 30ன்னும் சில பேருக்கு 31ன்னும் இருக்கும், ஒரே விமானத்துக்குள்ளயே வேற வேற தேதி இருக்குறதும் உண்டு, அதனால எப்பவும் ஒரு நாள் முன்ன ஒரு நாள் பின்ன சேத்தே தேடுங்க. நேரமும் இதே தலைவலிதான், பிரிட்டன்ல போர் சமயம் கோடைல கடிகாரத்த ரெண்டு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க, ஜெர்மன் பேப்பர் அவங்க நேரத்துல இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு "மணி ஒத்து வரலயே, வேற விமானமா இருக்குமோ"ன்னு கொழம்ப வேணாம்.

கல்லறையே பாதி கதைய சொல்லும்

இத நெறைய பேரு கவனிக்கிறதில்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கல்லறை நம்பர் இருந்தா உடல அடையாளம் காண முடிஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம். நாலஞ்சு பேருக்கு சேத்து "கலெக்டிவ் கிரேவ்"னு ஒரே நம்பர் போட்டிருந்தா யாரு யாருன்னு பிரிக்க முடியலன்னு அர்த்தம், விமானம் வேகமா தரைல மோதியிருக்கும், இல்ல வெடிச்சிருக்கும், எரிஞ்சிருக்கும். குடும்பத்துல யாராவது கேட்டா இத எப்படி சொல்றதுன்னு யோசிச்சிட்டு சொல்லுங்க. ஏழு பேர்ல ஆறு பேரு ஒரே ஊர்ல இருக்காங்க, ஒருத்தர் மட்டும் முப்பது மைல் தள்ளி இன்னொரு ஊர்லன்னா அவரு பாராசூட்ல குதிச்சிருக்கலாம், இல்ல காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்திருக்கலாம். ஏழாவது ஆளக் காணவே காணோம்னா அவரு பொழைச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, போர்க்கைதி லிஸ்ட்ட பாருங்க. அவரு பின்னாடி குடுத்த வாக்குமூலம் எங்கயாவது இருந்தா உங்களுக்கு அதவிட பெரிய சாட்சி கெடைக்காது.

உடல் கெடைக்கலன்னா கல்லறை இருக்காது, நினைவுச்சின்னத்துல ஒரு பேனல் நம்பர் மட்டும் இருக்கும். பிரிட்டன்லேர்ந்தும் வடக்கு, மேற்கு ஐரோப்பாவுலேர்ந்தும் கெளம்பி காணாமப் போனவங்க 20,000 பேருக்கு மேல ரன்னிமீட் மெமோரியல்ல இருக்காங்க, இங்கிலாந்துல சர்ரேல எகம் பக்கத்துல, 1953 அக்டோபர்ல ராணி எலிசபெத் தொறந்து வெச்சது. மத்தியதரைக்கடல் பக்கம்னா மால்டா மெமோரியல், எகிப்து பாலைவனப் பக்கம்னா அலமெய்ன், தென்கிழக்கு ஆசியான்னா சிங்கப்பூர்ல கிராஞ்சில இருக்குற மெமோரியல். எந்தச் சின்னத்துல பேரு இருக்குங்கிறத வெச்சே எந்த ஏரியால பறந்தாருன்னு ஊகிக்கலாம். ரன்னிமீட்ல இருக்குறவங்க எல்லாருமே விமானப்படையும் கெடையாது. இங்கிலாந்துலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு தனியா பறந்த ஏமி ஜான்சன் போர்ல ஏர் ட்ரான்ஸ்போர்ட் ஆக்சிலரில விமானங்கள ஒரு தளத்துலேர்ந்து இன்னொரு தளத்துக்கு ஓட்டிட்டுப் போற வேலைல இருந்தாங்க, 1941 ஜனவரி 5 அன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டு விமானத்தோட தேம்ஸ் முகத்துவாரத்துல விழுந்தாங்க, உடல் கெடைக்கவே இல்ல, அவங்க பேரும் அங்கதான் இருக்கு.

வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்ல அவரோட விவரத்துக்குக் கீழ ஸ்கேன் பண்ண பேப்பர் சிலது இருக்கும், அத தொறக்காம மூடாதீங்க. கல்லறைத்தோட்டத்துக்கு உடல மாத்திக் கொண்டு வந்தப்ப போட்ட ஃபாரம் இருந்தா முன்னாடி எந்த ஊர்ல பொதச்சிருந்தாங்கன்னு இருக்கும். ஃபிரான்ஸ், நெதர்லாந்துல பல பேரு விழுந்த கிராமத்து சர்ச் தோட்டத்துலயே இன்னும் இருக்காங்க, ஆனா ஜெர்மனில அப்படி விடல, சின்னச் சின்ன ஊர்லேர்ந்து எடுத்து ரைஷ்வால்ட், பெர்லின், டுர்ன்பாக் மாதிரி பெரிய தோட்டங்கள்ல சேத்துட்டாங்க. அதனால ரைஷ்வால்ட்ல கல்லறை இருக்கேன்னு விமானமும் அங்கதான் விழுந்துச்சுன்னு எழுதிராதீங்க, நூறு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கலாம்.

எந்த நாட்டு ஆளு, எந்த நாட்டு படை

இது ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. ஜான் கில்லெஸ்பி மகீங்கிற 19 வயசுப் பையன், அப்பா அமெரிக்கர், அம்மா பிரிட்டிஷ், பொறந்தது ஷாங்காய்ல, சேந்தது கனடா விமானப்படைல, செத்தது இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல. 1941 டிசம்பர் 11 அன்னிக்கு அவரோட ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் ஒரு ட்ரெயினிங் ஆக்ஸ்ஃபோர்டும் மேகத்துக்குப் பக்கத்துல மோதிக்கிச்சு. அமெரிக்கா இந்தப் போருக்குள்ள வந்து அப்பதான் சில நாள் ஆகியிருந்துச்சு. அவர அமெரிக்க ரெக்கார்டுல தேடுனா நேரம் வீணாப் போகும், ஃபைல் கனடால இருக்கு. பறக்குறத பத்தி கவிதை எழுதுனதுக்காக அவர உலகமே ஞாபகம் வெச்சிருக்கு, ஆனா சாவு என்னமோ எதிரி யாருமே இல்லாத ஒரு மோதல்ல.

கனடா ஆளா இருந்தா நல்ல நேரம்னு வெச்சுக்கங்க, 1939லேர்ந்து 1947 வரைக்கும் சர்வீஸ்ல இறந்தவங்களோட ஃபைல கனடா லைப்ரரி அண்ட் ஆர்கைவ்ஸ் வெளில விட்டிருக்கு, சேந்தப்ப குடுத்த விண்ணப்பத்துலேர்ந்து அம்மாவுக்குப் போன லெட்டர் வரைக்கும் ஒரே கட்டா இருக்கும். ஆஸ்திரேலியான்னா அந்த நாட்டு நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏ705ங்கிற வரிசைய தேடுங்க, விமானப்படை கேஷுவல்டி (இறந்தவங்க, காணாமப் போனவங்க) ஃபைல் எல்லாம் அதுலதான், ஸ்கேன் ஆனத ஓசிலயே படிக்கலாம். ஏழு பேர்ல ஒருத்தர் ஆஸ்திரேலியரா இருந்துட்டாலே போதும், மொத்த விமானத்தோட கதையும் அங்க கெடைக்க சான்ஸ் இருக்கு, பிரிட்டிஷ் ஆளுங்க கல்லறை, பொழைச்சவங்க வாக்குமூலம் எல்லாம் சேத்து. க்ரூவ முழுசா கண்டுபுடிங்கன்னு அத்தன தடவ சொன்னது இதுக்குத்தான். நியூசிலாந்துன்னா ஆக்லாந்து மியூசியத்தோட ஆன்லைன் செனோடாஃப்ங்கிற டேட்டாபேஸ்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

சுட்டாங்களா, விபத்தா

வீட்டுல சொல்ற கதைல எப்பவும் "எதிரி சுட்டுட்டான்"தான் இருக்கும். நம்பாதீங்கன்னு சொல்லல, ஆனா செக் பண்ணாம எழுதாதீங்க. பிரிட்டிஷ் பாம்பர் கமாண்ட்ல (குண்டுவீச்சு விமானங்களுக்கான பிரிவு) பறந்தவங்க சுமார் 1,25,000 பேரு, இறந்தவங்க 55,573. அதுல 8,000 பேருக்கு மேல எதிரிய பாக்காமயே ட்ரெயினிங்லயும் மத்த விபத்துலயும் போனவங்க. பழசாகிப்போன இஞ்சின், அனுபவம் இல்லாத பைலட், மேகத்துக்குள்ள எங்க இருக்கோம்னு தெரியாத நேவிகேட்டர், கீழ மலை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைல இப்படி விழுந்தது எவ்ளோன்னா அதுக்காகவே 1943ல ராயல் ஏர்ஃபோர்ஸ் மலை மீட்புப் படைய முறையா ஆரம்பிச்சாங்க. விபத்துல போனதால அந்த சாவு மட்டமாகிடாது, ஆனா குடும்பத்துக்கு அது சங்கடமா இருந்திருக்கு, அதனால கதை கொஞ்சம் கொஞ்சமா மாறியிருக்கு, அவ்ளோதான்.

யூனிட் பேர பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். "ஆபரேஷனல் ட்ரெயினிங் யூனிட்", "ஹெவி கன்வர்ஷன் யூனிட்"னு இருந்தா பெரும்பாலும் ட்ரெயினிங்தான், பெரும்பாலும்னு சொல்றேன், ஏன்னா 1942ல ஆயிரம் பாம்பர் ரெய்டுக்கு எண்ணிக்கை பத்தாம ட்ரெயினிங் யூனிட்லேர்ந்தும் ஆளுங்கள அனுப்பியிருக்காங்க. விமானத்தோட கார்டுல "எஃப்.ஏ"ன்னு இருந்தா பறக்கும்போது நடந்த விபத்து, "எஃப்.பி"ன்னா சண்டைல போனது, "எஃப்.டி.ஆர்"னா போய் திரும்பல, "கேட்டகரி ஈ"ன்னா விமானம் இனி தேறாதுன்னு கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க. இந்த நடமாட்டக் கார்டுக்கு ஃபார்ம் 78ன்னு பேரு, விபத்துக்குன்னு தனியா ஒரு கார்டு உண்டு, அது ஃபார்ம் 1180. லண்டன் ஹெண்டன்ல இருக்குற ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துக்கு விமானத்தோட சீரியல் நம்பர், தேதி ரெண்டையும் போட்டு எழுதிக் கேளுங்க. ஃபார்ம் 1180 ஒரு அட்டைதான், பெருசா எதிர்பாக்காதீங்க, ஆனா அந்த ரெண்டு மூணு வரில பைலட்டுக்கு எத்தன மணி நேர அனுபவம், வானிலை எப்படி, என்ன காரணம்னு அவங்க முடிவு பண்ணாங்கன்னு இருக்கும்.

அந்த "முடிவு"ங்கிறத கொஞ்சம் தள்ளி நின்னு படிங்க. இறந்துபோன பைலட் எந்திரிச்சு வந்து பதில் சொல்லப்போறதில்ல, பழிய அவரு மேல போடுறது சுலபம். 1942 ஆகஸ்ட் 25 அன்னிக்கு பிரிட்டன் ராஜாவோட தம்பி ட்யூக் ஆஃப் கென்ட் போன சண்டர்லேண்ட் விமானம், சீரியல் நம்பர் டபிள்யூ4026, ஸ்காட்லாந்துல இன்வர்கார்டன்லேர்ந்து ஐஸ்லாந்துக்கு கெளம்பி கெய்த்னஸ் மலைல மோதுச்சு. 15 பேர்ல 14 பேரு போயிட்டாங்க, பின்பக்க துப்பாக்கிக்காரர் ஆண்ட்ரூ ஜாக் மட்டும் தீக்காயத்தோட பொழைச்சாரு. தப்பான வழில போனது பைலட்டோட குத்தம்னு பார்லிமெண்ட்ல சொன்னாங்க, ஏன் அவ்ளோ தாழ்வா அங்க வந்தாங்கன்னு இன்னைக்கும் வாக்குவாதம் ஓடுது. ராஜ குடும்பத்து ஆளு போன விமானத்துக்கே இந்த நெலமைன்னா சாதாரண சார்ஜெண்ட்டோட கார்டுல "பைலட்டின் தவறு"ன்னு ஒரு வரி இருந்தா அத எந்த அளவுக்கு எடுத்துக்கணும்னு நீங்களே பாத்துக்கங்க.

ஸ்குவாட்ரன் டைரி

லண்டன்ல க்யூங்கிற இடத்துல இருக்குற பிரிட்டன் நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏர் 27 (AIR 27)ங்கிற வரிசைல ஸ்குவாட்ரன் டைரி எல்லாம் இருக்கு, பெரும்பாலும் டிஜிட்டல் ஆயிடுச்சு. மாசா மாசம் ரெண்டு பாகம், ஃபார்ம் 540ல அன்னன்னிக்கு நடந்தது பொதுவா இருக்கும், ஃபார்ம் 541ல எந்த விமானம், யாரு யாரு, எத்தன மணிக்கு கெளம்புனாங்க, என்ன ஆச்சுன்னு விவரமா இருக்கும். உங்களுக்கு வேண்டியது 541. ட்ரெயினிங் யூனிட்டுன்னா ஏர் 29, விமானத்தளத்தோட டைரின்னா ஏர் 28.

காணாமப் போன விமானத்துக்கு 541ல பல சமயம் "கெளம்புன பிறகு ஒரு தகவலும் இல்ல"ன்னு ஒரே வரிதான் இருக்கும். ஏமாந்து மூடிராதீங்க. முந்தின மூணு நாலு மாசத்த படிங்க, அவரு மொத மொத எப்ப ஸ்குவாட்ரனுக்கு வந்தாரு, எத்தன ஆபரேஷன் போனாரு, கடைசி நாள் போனது வழக்கமான க்ரூவோடயா இல்ல லீவுல இருந்த ஆளுக்குப் பதிலாவா, எல்லாம் அதுலேர்ந்து வரும். அதே ராத்திரி போயிட்டு திரும்புன மத்த க்ரூ என்ன சொன்னாங்கன்னும் பாருங்க, எங்க மேகம், எங்க ஃபைட்டர் தாக்குச்சு, எந்த இடத்துல ஒரு விமானம் எரிஞ்சு விழுறத பாத்தாங்கன்னு. டைப் அடிச்சவரு க்ளார்க்குதான், பேரும் சீரியல் நம்பரும் தப்பா இருக்கும், ஒரு எழுத்து மாறியிருக்கும், ஃபார்ம் 78ஓட ஒத்துப் பாத்துதான் எடுத்துக்கணும். பாம்பர் கமாண்ட் ஆளுன்னா லிங்கன்ல இருக்குற இன்டர்நேஷனல் பாம்பர் கமாண்ட் சென்டரோட லாஸஸ் டேட்டாபேஸ்லயும் பேரப் போட்டுப் பாருங்க, சீரியல் நம்பர், க்ரூ, இலக்கு எல்லாம் ஒரே பக்கத்துல வந்துரும்.

காணாமப் போனவங்கள தேடுன ஃபைல்

பிரிட்டன் ஏர் மினிஸ்ட்ரில (விமானத்துறை அமைச்சகம்) கேஷுவல்டி பிரிவு ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு ஃபைல் போட்டுச்சு. நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏர் 81ங்கிற பேர்ல 1939 செப்டம்பர்லேர்ந்து வரிசையா கொஞ்சம் கொஞ்சமா வெளில வருது. உங்க தேதி வந்துட்டா வேற எதையும் பாக்குறதுக்கு முன்னாடி இத எடுத்துருங்க. தந்தி, செஞ்சிலுவை சங்கம் வழியா ஜெர்மனிலேர்ந்து வந்த தகவல், கெடச்ச பொருட்கள் லிஸ்ட், அப்பா எழுதுன லெட்டர், அதுக்கு ஆஃபீஸ் போட்ட பதில். "காணவில்லை"ன்னு ஆரம்பிச்சு, "காணவில்லை, இறந்ததாக நம்பப்படுகிறது"ன்னு மாறி, ஆறு மாசம் வரைக்கும் ஒண்ணும் வரலன்னா சாவ அதிகாரப்பூர்வமா அனுமானிச்சு முடிச்சிருவாங்க. அந்த ஆறு மாச லெட்டருங்கள படிக்கிறது கஷ்டமா இருக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன். சில ஃபைல்ல உடல எடுத்தப்ப இருந்த நெலமைய அப்படியே எழுதியிருப்பாங்க, குடும்பத்துக்கு முழு ஸ்கேனையும் தூக்கி அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ படிச்சிருங்க, அவங்களுக்கு எது வேணும்னு கேட்டுட்டு அனுப்புங்க.

போர் முடிஞ்ச சமயம் ஏறக்குறைய 42,000 விமானப்படை ஆளுங்க எங்கன்னே தெரியாம இருந்தாங்க. அவங்கள தேடுறதுக்குன்னே மிஸ்ஸிங் ரிசர்ச் அண்ட் என்கொயரி சர்வீஸ்னு ஒரு குழு ஊர் ஊரா போச்சு, ஊர்த் தலைவர், பாதிரியார், கல்லறை தோண்டுனவர்னு எல்லார்ட்டயும் விசாரிச்சாங்க, கல்லறைய தொறந்து சட்டைல இருந்த லாண்ட்ரி மார்க் (சலவைக் குறி), மோதிரம், பல்லு வெச்செல்லாம் அடையாளம் கண்டாங்க. அவங்க ரிப்போர்ட் ஃபைல்ல இருந்தா விழுந்த வயல் யாரோடதுன்னு வரைக்கும் தெரிய வரும்.

மெடல் கைல வெச்சிருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன் குடுத்த ரெண்டாம் போர் ஸ்டார் மெடல்கள்ல பேரு வெட்டியிருக்காது, பெட்டிக்குள்ள இருந்த சீட்டு தொலைஞ்சா யாரோடதுன்னு நிரூபிக்க வழியில்ல. பறந்த கணக்கு எழுதுற லாக் புக்கும் அப்படித்தான், குடும்பம் கேட்டு வாங்காதத 1960 வாக்குல பெரும்பாலும் அழிச்சிட்டாங்க. யார் வீட்லயாவது இருந்தா மொதல்ல எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்துருங்க.

அமெரிக்க ஆளுன்னா

ரூட்டே வேற. 1973 ஜூலை 12ல செயின்ட் லூயிஸ்ல பர்சனல் ரெக்கார்ட்ஸ் சென்டர்ல தீ புடிச்சு 1912லேர்ந்து 1960 வரைக்கும் ராணுவத்துலேர்ந்து போனவங்க ஃபைல்ல 80 சதவீதம் எரிஞ்சு போச்சு. ரெண்டாம் போர்ல அமெரிக்க விமானப்படை தரைப்படையோட ஒரு பகுதிதான், அதனால இவங்க ஃபைலும் அதோட போச்சு. நல்லவேளையா வேற மூணு வகை பேப்பர் தப்பிச்சுது. சண்டைல காணாமப் போன விமானத்துக்கு 1943லேர்ந்து போட்ட மிஸ்ஸிங் ஏர் க்ரூ ரிப்போர்ட், அமெரிக்க நேஷனல் ஆர்கைவ்ஸ் கேட்டலாக்ல ஓசில படிக்கலாம், பக்கத்துல பறந்தவங்க கண்ணால பாத்தது, க்ரூ லிஸ்ட், இஞ்சின் நம்பர், மெஷின் கன் நம்பர் வரைக்கும் இருக்கும். சொந்த நாட்டுல ட்ரெயினிங்ல விழுந்ததுன்னா அதுல இருக்காது, ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ட அலபாமால மேக்ஸ்வெல் தளத்துல இருக்குற ஏர்ஃபோர்ஸ் ஹிஸ்டாரிக்கல் ரிசர்ச் ஏஜென்சில கேக்கணும். மூணாவது, ஒவ்வொரு இறந்த ஆளுக்கும் போட்ட இண்டிவிஜுவல் டிசீஸ்டு பர்சனெல் ஃபைல், உடல் எங்க கெடச்சுது, எங்க மாத்துனாங்கன்னு இருக்குறது.

சீரியல் நம்பர்ல ஒரு சின்ன விஷயம், ஃபைல்ல 41-24485ன்னு இருந்தா வால் பக்கத்துல 124485ன்னுதான் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, முன்னாடி 4 இருக்காது. இது மெம்ஃபிஸ் பெல்ங்கிற பி-17ஓட நம்பர். போட்டோல வால் நம்பர் தெரிஞ்சா முன்னாடி 4 சேத்து தேடுங்க.

இறந்த தேதியும் இங்க ஏமாத்தும். உடல் கெடைக்காதவங்களுக்கு ஒரு வருஷம் ஒரு நாள் கழிச்சு சாவ அறிவிக்கிறது அவங்க வழக்கம், அதனால அமெரிக்கன் பேட்டில் மான்யுமென்ட்ஸ் கமிஷன் (வெளிநாட்டுல இருக்குற அமெரிக்கப் போர்க் கல்லறைகள பாத்துக்குறவங்க) வெப்சைட்ல 1945ன்னு இருந்தா விமானம் விழுந்தது 1944லயா இருக்கலாம். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருக்குற அவங்க கல்லறைத்தோட்டத்துச் சுவர்ல காணாமப் போனவங்க 5,127 பேரோட பேரு இருக்கு, இசைக்குழு நடத்துன கிளென் மில்லரும் அமெரிக்க அதிபர் கென்னடியோட அண்ணன் ஜோசஃப்பும் அதுலதான். சுவர்ல பேருக்குப் பக்கத்துல சின்ன ரோஜா வடிவ வெண்கலம் குத்தியிருந்தா அவர பின்னாடி கண்டுபுடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். உடல ஊருக்குக் கொண்டு வரலாமா அங்கயே விடலாமான்னு குடும்பத்துட்டயே கேட்டாங்க, அதனால ஐரோப்பால விழுந்தவரு அமெரிக்கால ஏதாவது சின்ன ஊரு கல்லறைல இருக்கலாம், பிரிக்க முடியாத க்ரூன்னா மிசோரில ஜெஃபர்சன் பேரக்ஸ்ல ஒரே கல்லுக்கு அடில இருக்கலாம்.

விழுந்த இடம்

பேப்பர்ல குடுத்த மேப் ரெஃபரன்ஸ அப்படியே போன் மேப்ல போட்டா வராது, அது அந்தக் கால ராணுவ கிரிட், அத இப்பத்த அட்சரேகை தீர்க்கரேகையா மாத்துற டூல் இருக்கு, மாத்திட்டு தேடுங்க. நெதர்லாந்துன்னா உங்களுக்கு வேலை கம்மி, அங்க விழுந்த விமானங்கள வரிசையா நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, உள்ள ஆளுங்க இருக்க வாய்ப்புள்ள விமானங்கள வெளிய எடுக்க அரசாங்கமே 2019லேர்ந்து திட்டம் போட்டு செய்யுது.

துண்டு ஏதாவது கெடச்சா அதுல இருக்குற நம்பர்தான் பேசும். பிரெஞ்சு எழுத்தாளர் செயின்ட் எக்ஸுபெரி 1944 ஜூலை 31 அன்னிக்கு கோர்சிகாலேர்ந்து லைட்னிங் விமானத்துல படம் புடிக்கப் போயி காணாமப் போனாரு. 1998ல மார்செய் பக்கம் ஒரு மீனவர் வலைல அவரோட கை சங்கிலி மாட்டுச்சு, ஆனா அத வெச்சு விமானத்த உறுதி பண்ண முடியல. கடலடிலேர்ந்து எடுத்த உலோகத்துல 2734ன்னு லாக்ஹீட் ஃபேக்டரி நம்பர் இருந்துச்சு, 2004ல அத வெச்சுதான் இதுதான் அந்த விமானம்னு உறுதி பண்ணாங்க. யாரு சுட்டாங்க, சுட்டாங்களாங்கிறது அதுலேர்ந்து தெரியல. பின்னாடி "நான்தான் சுட்டேன்"னு ஒரு பழைய ஜெர்மன் பைலட் சொன்னதும் ஆதாரம் இல்லாத பேச்சாவே நிக்குது. உங்க கேஸ்லயும் இப்படித்தான் ஆகும், எந்த விமானம்ங்கிறதுக்கு பதில் கெடச்சிரும், ஏன்ங்கிறதுக்கு கெடைக்காம போகலாம்.

ஆனா நீங்களா தோண்டாதீங்க. பிரிட்டன்ல 1986 சட்டப்படி ராணுவ சேவைல விழுந்த விமானம் ஒவ்வொண்ணும் தானாவே பாதுகாக்கப்பட்டது, இடம் லிஸ்ட்ல இருந்தாலும் இல்லாட்டியும், பாதுகாப்பு அமைச்சகத்துட்ட லைசென்ஸ் வாங்காம ஒரு துண்டக்கூட தோண்டுறதோ எடுக்குறதோ குத்தம். உள்ள ஆளுங்க உடல் இருக்கலாம்னு தோணுனா பொதுவா லைசென்ஸே குடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுலயும் மூழ்கிக் கெடக்குற ராணுவ விமானத்துக்கு 2004லேர்ந்து தனிச் சட்டம் உண்டு. வெடிக்காத குண்டு வேற இருக்கும், மெட்டல் டிடெக்டர் தூக்கிட்டுப் போயி ஹீரோ வேலை பாக்க வேணாம். எலும்பு மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா கைய வெக்காம அப்படியே விட்டுட்டு போலீஸுக்கு சொல்லுங்க.

எழுதி முடிக்கும்போது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துல அது எந்தப் பேப்பர்ல இருந்துச்சு, ஃபைல் நம்பர் என்னன்னு போட்டுருங்க, ஊகம்னா ஊகம்னு எழுதுங்க, வாக்கியத்துக்குள்ள நைசா கலந்து விடாதீங்க. ரெண்டு பேப்பர் அடிச்சுக்கிட்டா ரெண்டையும் போடுங்க, அன்னிக்கே எழுதுனதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு எழுதுனதவிட கொஞ்சம் அதிக மரியாதை குடுங்க. "யாரென்று தெரியாத விமானப்படை வீரர்"னு இருக்குற ஒரு கல்லறை உங்க ஆளோடதுதான்னு நெனைக்கிற அளவுக்கு ஆதாரம் சேந்துருச்சுன்னா, தேதி, இடம், ரேங்க், மத்த க்ரூ ஒவ்வொருத்தரும் எங்க இருக்காங்கன்னு எல்லாத்தையும் வெச்சு வார் கிரேவ்ஸ் கமிஷனுக்கு அனுப்பலாம். அவங்க பாத்துட்டு அந்த நாட்டு ராணுவத்துக்கு தள்ளுவாங்க, ஏத்துக்கிட்டா கல்லுல பேரு வரும். "வேற யாராவும் இருக்க முடியாது"ன்னு காட்டணும், "இவரா இருக்கலாம்"ங்கிறது பத்தாது.

சின்னத் தப்பு, ஸ்பெல்லிங், வயசு, தேதி இதெல்லாம் திருத்துறதுக்கும் கமிஷன்ல வழி இருக்கு, பர்த் சர்ட்டிஃபிகேட்டோ சர்வீஸ் பேப்பரோ ஸ்கேன் பண்ணி சேத்து எழுதணும், குடும்பத்துல ஆளு இருந்தா மொதல்ல அவங்கட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. பதில் வர நாளாகும். வந்து மாறுன பிறகும் உங்க காப்பில பழைய ஸ்பெல்லிங்க அழிச்சிராதீங்க, ஸ்குவாட்ரன் டைரியும் விபத்து கார்டும் அதே தப்போடதான் இருக்கும், அடுத்து தேடுறவங்க எதப் போட்டாலும் உங்க பக்கத்துக்கு வரணும்.